பீடமேறிய வண்டி

காலையில் டைல்ஸ்காரன் கண் விழிப்பதற்கு முன்பே அவன் முட்டி விழித்துவிடும். உள்ளே வைத்திருக்கும் தகடு விடியற்காலைக் குளிர் பட்டதும் முதல் ஆளாக எழுந்து, துருப்பிடித்த கதவை யாரோ திறந்து மூடுகிற மாதிரி தன் வேலையைத் தொடங்கும். படுத்தபடியே வலது காலை மடக்கிப் பார்ப்பான். பாதி மடங்கும். மீதிப் பாதிக்குப் பல்லைக் கடிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்குப் பாதி மடங்கினால் போதும். தரையில் கல் ஒட்டுகிறவனுக்குக் குந்துகிற நேரம்தான் வேலை நேரம். எழுந்து நின்றால் கூலி நின்றுவிடும்.

அந்தத் தகடு உள்ளே போன கதை பெரிய கதை இல்லை. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவனுடைய பழைய கார் ஒன்று சும்மா நின்றது. வேலைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக அதை டைல்ஸ்காரன் இரவல் வாங்கியிருந்தான். ஒரு நாள் வேலை முடிந்து திரும்புகையில் நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினான். பெல்ட் போட்டிருந்தான். கண்ணாடியைத் துடைத்தான். அந்த நேரத்தில் எதிர்ச்சாலையிலிருந்து திரும்பிய லாரி, திரும்பி முடிக்காமல் அவன் மடியில் வந்து நின்றது. லாரி ஓட்டியவர் தூங்கிக்கொண்டே வந்தாராம். மோதிய பிறகும் அவர் விழிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்றாம். வலப்பக்கக் கதவை இரும்பு வெட்டுகிற கருவியால் அறுத்து டைல்ஸ்காரனை வெளியே எடுத்தார்கள். தோள் எலும்பு ஒட்டிக்கொண்டது. முட்டி ஒட்டிக்கொள்ள மறுத்ததால் தகடு வைத்தார்கள்.

மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். மனைவி தையல் கம்பெனியில் இரண்டு ஷிப்டும் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் மேஸ்திரி வந்தார். பல வருஷமாக அவனுக்கு வேலை கொடுக்கிறவர். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, கடைத்தெருவில் புதுசாகக் கட்டுகிற கட்டடத்தில் தரை வேலை பிடித்திருப்பதாகச் சொன்னார். கல் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

“குந்துவியா?” என்றார்.

“குந்துவேன் மேஸ்திரி.”

அவர் முட்டியைப் பார்த்தார். நம்பவில்லை என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளவும் இல்லை. “சொந்தச் சாமானோட வந்தா உனக்கு ஒரு மாடி தர்றேன். வெறுங்கையோட வந்தா கலவை சுமக்கத்தான்ப்பா ஆளு வேணும். அது உன் காலுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமான்கள் எல்லாம் காரின் டிக்கியில் இருந்தன. கல் அறுக்கிற மிஷின், ரப்பர் சுத்தியல், தரை மட்டம் பார்க்க இடுப்பு உயரத்துக்கு ஓர் அலுமினிய ரசமட்டம். காரைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்று மச்சான் நினைத்திருந்தான். அவன் விசாரிக்கப் போனபோது போலீஸ் ஸ்டேஷனில், சாலைப் பாதுகாப்பு வாரியம் வந்து எடுத்துப் போய்விட்டது என்றார்கள். எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. மேஸ்திரி வந்து போன வாரத்தில் மச்சான் போன் செய்தான்.

“மாமா, நம்ம வண்டி நாற்சந்தியில நிக்குது.”

“நின்னா ஓட்டிட்டு வா.”

“மேல நிக்குது மாமா.”

போய்ப் பார்த்தார்கள். சந்திப்பின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பீடம். நாலு பக்கமும் பளபளவென்று கல் ஒட்டியிருந்தது. ஏறப் படிக்கட்டு, சுற்றிலும் சங்கிலி, நாலு மூலையிலும் விளக்கு. மேலே, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, மச்சானின் கார். கீழே பலகை. ‘வேகம் கொன்றது. இதில் வந்தவர் இன்று நம்மிடையே இல்லை.’

டைல்ஸ்காரன் பலகையை இரண்டு முறை படித்தான். வண்டி அன்றைக்கு நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் சொல்வதா, தான் உயிரோடிருப்பதை முதலில் சொல்வதா என்று அவனுக்குப் புரியவில்லை.

மச்சான் பலகையைப் பார்க்கவே இல்லை. காரின் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “இந்தப் பக்கம் நல்லாத்தானே மாமா இருந்துச்சு” என்றான். லாரி மோதியது வலப்பக்கம். இடப்பக்கம் ஒரு கீறல் கிடையாது. இப்போது இரண்டு கதவும் உள்ளே போய், நடுத்தூண் வளைந்து கிடந்தது.

பீடத்துக்குக் காவலாளி ஒருவர் இருந்தார். அவர்தான் விளக்கினார். காரை ஏற்றி வைத்தபோது கடைத்தெருப் பக்கம் நல்ல பக்கம் வந்துவிட்டதாம். பார்க்க நன்றாக இருந்ததாம். ஒருத்தரும் பயப்படவில்லையாம். விலை கேட்டுக்கூட இரண்டு பேர் வந்தார்களாம். திருப்பி வைக்கக் கிரேன் வேண்டும், கிரேனுக்கு அனுமதி வேண்டும். அதனால் ஒரு பட்டறை ஆளைக் கூட்டி வந்து, சம்மட்டியால் அந்தப் பக்கத்தையும் சரி செய்தார்கள். ‘சரி செய்தார்கள்’ என்றுதான் அவர் சொன்னார்.

வருகிறவர்களுக்கு அவர் கதையும் சொல்வார். இவர்களுக்கும் சொன்னார். பாவம், ஓட்டி வந்தவன் சின்ன வயசு. குடித்திருந்தானாம். வெளியே இழுத்துப் போட்டபோது தண்ணீர் கேட்டானாம், வாயில் ஊற்றுவதற்குள் போய்விட்டானாம். டைல்ஸ்காரன் அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை. கால் இருக்கிறதா என்றுதான் கேட்டான்.

“அந்த ஆளு நான்தான்” என்றான்.

காவலாளி அவனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு தன் சம்பளம் யார் கொடுப்பது என்பதை யோசித்தவர் போலப் பலகைப் பக்கமே நின்றார். “எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல கேளுங்கண்ணே. என்னை எழுதி வெச்சதைக் காக்கத்தான் போட்டிருக்காங்க” என்றார்.

வாரிய அலுவலகம் மூன்றாவது மாடியில். லிப்ட் உண்டு. அதில் ஏறுவதில் ஆபத்து இருக்கலாம் என்று வாரியமே அதை நிறுத்தி வைத்திருந்தது. ஒவ்வொரு படியிலும் ‘நிதானம்’ என்று மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். டைல்ஸ்காரனின் முட்டி அவ்வளவு நிதானத்தை அதுவரை பார்த்ததில்லை. கம்பை ஊன்றி, மச்சான் தோளைப் பிடித்து ஏறி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேலே போன பிறகுதான் வாரியத்தில் இரண்டு பிரிவு இருப்பது தெரிந்தது. ஒரு கதவில் அச்சப் பிரிவு. எதிர்க் கதவில் நம்பிக்கைப் பிரிவு. எதிர்க் கதவு பூட்டியிருந்தது.

அச்சப் பிரிவு அலுவலர் பயமுறுத்துகிற ஆளே இல்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவர் மாதிரிக் குரல். எழுந்து நின்று கை கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ சொன்னார், முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவர் தலைக்குப் பின்னால் நொறுங்கிய வண்டிகளின் படங்கள், வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் படம் மாட்டுகிற மாதிரி வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. டைல்ஸ்காரன் தான் யார் என்பதையும், டிக்கியைத் திறந்து சாமானை எடுத்துக்கொண்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்பதையும் சொன்னான். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க சார்” என்றார். “வருஷத்துல பாதி நாங்க மக்களைப் பயமுறுத்தறோம். மீதிப் பாதி எதிர் ரூம்காரங்க தைரியம் சொல்றாங்க. இப்ப எங்க பருவம். இந்தப் பருவத்துல நீங்க நடமாடறது எங்க பிரிவுக்குக் கொஞ்சம் சங்கடம். தனிப்பட்ட முறையில நீங்க பொழைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.”

“நான் செத்ததா எழுதி வெச்சிருக்கீங்களே சார்.”

“அப்படி எங்க சார் எழுதினோம்? நம்மிடையே இல்லைன்னுதான் எழுதியிருக்கோம். நீங்க உங்க வீட்ல படுத்திருந்தீங்க. நாங்க இங்க இருந்தோம். எங்ககூட நீங்க இல்லையே. வக்கீல் பாத்துத்தான் எழுதினது.”

மச்சான் தன் காரைப் பற்றிக் கேட்டான். விபத்து நடந்த ஒரு வாரத்துக்குள் உரிமை கோரி யாரும் வராத வண்டி வாரியத்துக்குச் சேரும் என்றார் அவர். அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டும் ரத்தத்துக்கு ஆள் தேடிக்கொண்டும் இருந்தேன் என்றான் மச்சான். அது மிகவும் நல்ல காரியம் என்று அலுவலர் மனமாரப் பாராட்டினார். அந்த வாரத்தில்தான் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

டிக்கி விஷயத்தில் அவர் தத்துவமே வைத்திருந்தார். மூடிய டிக்கிதான் அந்தக் காட்சியின் உயிராம். உள்ளே என்ன இருக்கிறதோ என்று பார்க்கிறவன் மனசு பதைக்க வேண்டுமாம். அதைத் திறந்து ஒருத்தன் சுத்தியலையும் மிஷினையும் இறக்கினால், வீடு மாற்றுகிறார்கள் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள். அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? டீ வந்தது. குடித்தார்கள். போகும்போது பின்பக்கப் படி வழியாக இறங்கச் சொன்னார். பருவம் மாறும்வரை நாற்சந்திப் பக்கம் வராமல், முடிந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்தால் வாரியத்துக்கு உதவியாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்.

மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் கிடையாது. “நெசமாவே செத்திருந்தா வீட்டுக்கு ஏதாச்சும் குடுத்திருப்பாங்க. உசுரோட இருக்கறவனைச் செத்தவன்னு சொன்னா ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல பாருங்க” என்றாள். சொல்லிவிட்டு, இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

கல் வரும் லாரி எங்கோ மழையில் மாட்டிக்கொண்டதாக மேஸ்திரி சொல்லி அனுப்பினார். டைல்ஸ்காரனுக்கு அந்த மழை பெய்துகொண்டே இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் குந்திப் பழகினான். முதலில் இறங்கினால் ஏற முடியவில்லை. பிறகு ஏறினான், கம்பியைப் பிடித்து. கம்பி இல்லாமல் ஏறுகிற நாள் வரவில்லை.

பருவம் மாறியது. ஒரு மத்தியானம் வாசலில் ஜீப் வந்து நின்றது. நம்பிக்கைப் பிரிவு அலுவலர் இறங்கினார். ஐம்பது வயசு அம்மாள். அந்த முகத்தில் கடைசியாகச் சிரிப்பு வந்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வாசல்படியிலேயே நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“நீங்க உயிர் பொழைச்சிருக்கீங்க. புதன்கிழமை காலைல பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே வந்துடுங்க.”

அவன் உயிர் பிழைத்ததைக் கொண்டாடப் போகிறார்கள் என்பது அப்புறம்தான் விளங்கியது. அவனை நடந்து காட்டச் சொன்னார். நடந்தான். கம்பைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் இறுகியது. நம்பிக்கைப் பருவத்தில் கம்பு, கட்டு, இருமல் எதுவும் கூடாது என்றார். டைல்ஸ்காரன் ஒன்றே ஒன்று கேட்டான். விழா முடிந்ததும் டிக்கியைத் திறப்பார்களா? திறப்போம் என்றார். வாக்கு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எதற்கும் தலையாட்டத் தயாராக இருந்தான். மேஸ்திரி முந்தின நாள்தான், கல் இறங்கிவிட்டது, வியாழக்கிழமை வேலை ஆரம்பம், நீ வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை போனபோது கார் அடையாளம் தெரியவில்லை. அதே பட்டறை ஆள் வந்து, தான் அடித்து உள்ளே தள்ளிய கதவுகளை வெளியே இழுத்திருந்தார். வானநீல வண்ணம் அடித்து, புதுக் கண்ணாடி மாட்டி, ரிப்பன் கட்டியிருந்தார்கள். வலப்பக்கத்துக்குக்கூட ஒரு மாதிரி உருவம் வந்திருந்தது. பலகையும் மாறியிருந்தது. ‘பெல்ட் காத்தது. இதோ, மீண்டு வந்தவர்.’ காவலாளி இப்போது வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டி வந்தவர் குடிப்பழக்கமே இல்லாதவராம். மோதிய மறு நிமிஷம் தானே கதவைத் திறந்து இறங்கி, லாரிக்காரருக்கு ஆறுதல் சொன்னாராம். டைல்ஸ்காரனைக் கண்டதும் எழுந்து வணக்கம் வைத்தார். முன்பு பார்த்ததாக இரண்டு பேருமே காட்டிக்கொள்ளவில்லை.

“இதை நாம செய்யச் சொல்லியிருந்தா எவ்வளவு கேட்டிருப்பானுங்க பெயின்டுக்கு” என்று மச்சான் பல்லுக்குள் முனகினான்.

வாரியத்தின் முத்திரை போட்ட சட்டையை மாட்டிவிட்டார்கள். நம்பிக்கை அம்மாள் கம்பைப் பிடுங்கிக் காவலாளியிடம் கொடுத்தார். அவர் அதைப் பீடத்துக்கு அடியிலிருந்த சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். டைல்ஸ்காரனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மேலே ஏற்றி, ஓட்டுகிற இருக்கையில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டார்கள்.

புது வண்ணத்தின் வாசனைக்கு அடியில் அந்தப் பழைய வாசனை இருந்தது, எண்ணெயும் இரும்பும் அவன் ரத்தமும் கலந்தது. கால் தானாக பிரேக்கைத் தேடியது. பிரேக் இல்லை; மிதிகட்டையைக் கழற்றியிருந்தார்கள். கீழிருந்து நம்பிக்கை அம்மாள் அண்ணாந்து பார்த்து, சிரியுங்கள் என்றார்.

வாரியத் தலைவர் ஒலிபெருக்கியின் முன்னால் வந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“பெரியோர்களே, வாகன ஓட்டிகளே. இந்த வாரியத்தைத் தொடங்கியபோது எங்களிடம் இருந்தது ஒரு மேசை, ஒரு சுவரொட்டி. இன்று மூன்று மாடி, இரண்டு பிரிவு, பதினோரு ஜீப். இந்த வளர்ச்சி யாரால் வந்தது? சாலையில் விழுந்த ஒவ்வொருவராலும் வந்தது. அவர்களை நாங்கள் மறக்கவில்லை. சென்ற ஆண்டு விபத்துகள் குறைந்தன. மேலிடத்தில் எங்களைக் கூப்பிட்டு, அப்படியானால் உங்களுக்கு எதற்கு இத்தனை ஜீப் என்று கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் சோர்ந்திருப்பார்கள். நாங்கள் சோரவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் கண்ணில் படுகிற மாதிரி, விளக்குப் போட்டு, இந்தப் பீடத்தை எழுப்பினோம். கடந்து போகிற ஒவ்வொரு ஓட்டுநரும் தலையைத் திருப்பி இதைப் பார்க்கிறார். சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதைப் பார்க்கிறார். அதுதான் எங்கள் வெற்றி. இந்தச் சந்திப்பில் மட்டும் இந்த ஆண்டு…”

அந்த இடத்தில் ரொட்டி வேன் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் ரிப்பனைப் பார்த்தார், வானநீலக் காரைப் பார்த்தார், காருக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்தார். நேராகப் பீடத்தில் கொண்டுவந்து முட்டினார்.

கார் ஒரு முழம் நகர்ந்தது. முன்பக்கக் கல் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. வேன்காரர் நெற்றியில் வீக்கத்தோடு இறங்கி, ரொட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். கூட்டத்தின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி நின்றிருந்த அச்சப் பிரிவு அலுவலர், வேனை அளக்க நாடாவை உருவிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் முகத்தோடு ஓடி வந்தார்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். “நான் சொல்ல வந்ததும் அதைத்தான்” என்று சொல்லி உரையைத் தொடர்ந்தார்.

மேலே காருக்குள் டைல்ஸ்காரன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். கண் திறந்திருந்தது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்ததால் அவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மச்சான்தான் சங்கிலியைத் தாண்டி ஏறினான். பெல்ட்டைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். “மாமா, முடிஞ்சிருச்சு மாமா. ஒண்ணும் ஆகல. காலு இருக்கு, பாருங்க. இறங்குங்க” என்று, அழுகிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரிப் பேசி இறக்கினான். டைல்ஸ்காரன் படியில் உட்கார்ந்தான். “டிக்கியைத் திறக்கச் சொல்லு” என்றான்.

திறந்தார்கள். மூடியைப் பற்றவைத்து ஒட்டியிருந்ததை அறுத்துத் திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

“திறந்துட்டோம். சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டோம்” என்றார் நம்பிக்கை அம்மாள்.

“சாமான் எங்க மேடம்?”

ஓடுகிற வண்டியில் கனமான பொருளைக் கட்டாமல் வைத்தால் மோதும்போது ஆளைக் கொன்றுவிடும், ஆகையால் வாரியம் அதை முதலிலேயே எடுத்துவிட்டது என்றார்.

“இது ஓடாதுங்களே, நிக்குதுல்ல.”

“நின்ன வண்டியிலதானே இப்ப வேன் வந்து மோதுச்சு?” என்றார். அவர் சொன்னது சரியாக வேறு இருந்தது.

சாமான் எங்கேயும் போகவில்லை. கீழே சாமான் அறையில்தான் இருந்தது. இந்தப் பீடத்துக்குக் கல் ஒட்டியபோது ஒட்ட வந்தவன் மிஷின் கொண்டு வரவில்லையாம். இதைக் கொடுத்து வேலை வாங்கினார்களாம். அன்றிலிருந்து அது வாரியச் சாமான். யாருடையது என்று கேட்டால், வாரியத்துடையது. அதற்கு முன்பு யாருடையது என்று கேட்டால், அதற்கு முன்பு அது வாரியத்திடம் இல்லை.

இதற்குள் தலைவர் உதிர்ந்த கல்லைப் பார்த்துக் கத்தத் தொடங்கியிருந்தார். சாயங்காலம் மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார். கல் ஒட்டினவன் போனை அணைத்து வைத்திருக்கிறான். யாரோ டைல்ஸ்காரனைக் கை காட்டினார்கள். இவருக்கு அந்த வேலை தெரியுமாமே.

நம்பிக்கை அம்மாளின் முகத்தில் சிரிப்புக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்று வந்து போனது. “மீண்டவரே பீடத்தை மீட்கிறார். நல்லா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிங்க” என்றார்.

கூலி பற்றி யாரும் பேசவில்லை. மச்சான் பேசப் போனான். டைல்ஸ்காரன் அவன் கையை அழுத்தினான். அவனுக்கு அந்த அறையின் கதவு திறந்தால் போதும். காவலாளி அவனிடம் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு சாமானை வெளியே எடுத்து வைத்தார். மிஷினின் பிடியில் அவன் மனைவி சுற்றிக் கொடுத்த பச்சைத் துணி இன்னும் இருந்தது. அதற்கு மேல் வாரியத்தின் எண்ணை வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தார்கள்.

குந்தினான். முட்டியில் இடி இறங்கியது. கண்ணில் நீர் முட்டியதை வியர்வை என்று துடைத்துக்கொண்டான். மிஷின் ஓடத் தொடங்கியதும், அந்தச் சத்தத்துக்குள் மற்ற சத்தம் எல்லாம் போயிற்று. மச்சான் கலவை எடுத்துக் கொடுத்தான். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பான், சுத்தியலால் தட்டுவான், மறுபடி வைத்துப் பார்ப்பான். மேல் வரிசைகளை ஒழுங்காகத்தான் ஒட்டினான். ஜனங்கள் கால் இடறாத கீழ் வரிசையில் கலவையைக் கொஞ்சம் கஞ்சத்தனமாகவே வைத்தான். அடுத்த வேன் வரைக்கும் தாங்கினால் போதும் என்பது அவன் கணக்கு.

முடித்தபோது வெயில் இறங்கிவிட்டது. காவலாளி வந்து மிஷினையும் சுத்தியலையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். மேலிடத்து ஜீப்பின் சத்தம் கேட்டதும், சாவியைத் தலைவரின் உதவியாளர் கையில் திணித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். உதவியாளர் சாவியோடு எங்கோ போய்விட்டார்.

டைல்ஸ்காரன் இன்னும் குந்தியபடியே இருந்தான். எழ முடியவில்லை. பிடித்து எழ ஜன்னல் கம்பி இல்லை. கம்பு பூட்டிய அறைக்குள் இருந்தது. கையில் இருந்தது ரசமட்டம் ஒன்றுதான். அதை நட்டான். இரண்டு கையாலும் பிடித்து ஏறினான். நின்றான். பிறகு அதை ஊன்றிக்கொண்டே, ஒவ்வோர் எட்டாக, மச்சான் நிறுத்தியிருந்த வாடகைக் காரைப் பார்த்து நடந்தான்.

நம்பிக்கை அம்மாள் குறுக்கே வந்தார். மச்சானுக்கு உயிர் போய் வந்தது.

“அது கம்பா?” என்றார்.

“இல்லீங்க மேடம். தொழில் சாமான்.”

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். “உழைப்புக்குத் திரும்பறார். இப்படியே நடங்க. திரும்பிப் பாக்காதீங்க. நேரா போங்க” என்றார்.

டைல்ஸ்காரன் வாழ்நாளில் எந்த அதிகாரி சொன்னதையும் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. நேராகப் போனான். காரில் ஏறினான். மச்சான் வண்டியை எடுத்த வேகத்துக்கு வாரியம் இன்னொரு பீடம் கட்டியிருக்கலாம்.

மறுநாள் கடைத்தெருக் கட்டடத்துக்குப் போய் நின்றான். மேஸ்திரி ரசமட்டத்தைப் பார்த்தார், மிஷின் எங்கே என்றார். சொன்னான். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு மேஸ்திரி நம்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மட்டம் பார்த்துப் பதிப்பது உன் வேலை, அறுப்பது இன்னொருத்தன் வேலை, கூலி பாதிப் பாதி என்றார். ஒரு மாடி தருகிறேன் என்றவர் அரை மாடி தந்தார். டைல்ஸ்காரன் எடுத்துக்கொண்டான். மனைவி இரண்டாவது ஷிப்டை நிறுத்தவில்லை.

நாற்சந்தியில் பெரிய படம் ஒன்று வைத்தார்கள். முதுகைக் காட்டி, அலுமினியச் சட்டத்தை ஊன்றி, ஒருவன் சூரியனை நோக்கி நடந்து போகிறான். அதைப் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பிய இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் மோதிக்கொண்டதாகக் கேள்வி.

மறுபடி அச்சப் பருவம் வந்தது. அலுவலர் தாமே வீடு தேடி வந்தார். அதே குரல். முட்டியை விசாரித்தார். சாமான் அறையைக் கணக்குப் பார்த்ததில் ஒரு ரசமட்டம் குறைகிறது என்றார். யார் எடுத்தார்கள் என்று தேட வேண்டிய சிரமமே இல்லாமல், நாற்சந்தியில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காகப் படம் இருக்கிறது என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

“அது என்னோடதுங்க சார்.”

“எனக்குத் தெரியாதா சார்? தனிப்பட்ட முறையில அது உங்களோடதுதான். கணக்குலதான் எங்களோடது. அதைக் கொண்டுவந்து குடுங்க. குடுத்தா மிஷினைப் பத்திப் பேச ஆரம்பிக்கலாம். குடுக்கற வரைக்கும் அந்த அறையைத் திறக்க எங்களுக்கு விதி இல்ல.”

“என் கம்பும் உள்ள இருக்குங்களே.”

“அதுவும் பத்திரமா இருக்கு” என்றார் அவர். டீயைக் குடித்துவிட்டு, படியில் பார்த்து இறங்குங்கள் என்று அவனிடமே சொல்லி, இறங்கிப் போனார்.

டைல்ஸ்காரன் விடிந்ததும் ரசமட்டத்தை ஊன்றிக்கொண்டு வேலைக்குப் போகிறான், மாலையில் அதை ஊன்றிக்கொண்டு திரும்புகிறான். வாரியக் கணக்குப்படி அவன் இன்னும் வாரியத்துக்கு ஒரு ரசமட்டம் பாக்கி.